சிறு தீவுக்கு ஒரு மருத்துவர் உதவியாளர்: மேய்ன் தீவுகளின் தேடல்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலத்தின் கடலோரத்தில், பாலத்தால் கரையோடு இணைக்கப்படாமல் ஆண்டு முழுவதும் மக்கள் வாழும் தீவுகள் 15 உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய தீவுகள் ஏறத்தாழ 300 இருந்தன. மற்றவற்றிலிருந்து மக்கள் படிப்படியாக வெளியேறினர். எஞ்சியவற்றுள் சற்றுப் பெரிய தீவுகளில் சிறு மருத்துவ நிலையம் உண்டு. அங்கே நோயாளிகளைப் பார்ப்பவர் பெரும்பாலும் முழு மருத்துவப் பட்டம் பெற்ற மருத்துவராக இருப்பதில்லை. மருத்துவர் உதவியாளராகவோ, மேற்படிப்பு முடித்த செவிலியராகவோ இருப்பார். அவர் பணியை விட்டுப் போகும்போது அடுத்தவரைத் தேடுவது ஊரின் தலையாய வேலையாகிவிடும். மருத்துவம் பார்க்க ஆளில்லாத தீவில் கைக்குழந்தை உள்ள குடும்பங்களும் முதியோரும் தங்கத் தயங்குவர். குடும்பங்கள் போனால் பள்ளி மூடப்படும். பள்ளி மூடிய தீவுக்குப் புதுக் குடும்பங்கள் வருவதும் அரிது.

மருத்துவர் உதவியாளர் என்பவர் யார்?

ஆங்கிலத்தில் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் என்றும் சுருக்கமாக பி.ஏ. என்றும் வழங்கும் இப்பெயர் தமிழ் வாசகரைச் சற்றுக் குழப்பும். இதற்கும் கலைப் பட்டமான பி.ஏ.வுக்கும் தொடர்பில்லை. ‘உதவியாளர்’ என்ற சொல்லைக் கேட்டு, கட்டுப் போடுபவர் என்றோ சீட்டு எழுதுபவர் என்றோ எண்ணிவிடவும் கூடாது. இவர் நோயாளியைப் பரிசோதிப்பார், நோயை அறுதியிடுவார், மருந்து எழுதுவார், காயத்துக்குத் தையல் போடுவார். தமக்கு அப்பாற்பட்டதை மருத்துவரிடம் கலந்து பேசுவார் அல்லது அனுப்பி வைப்பார்.

இத்துறை தோன்றியதற்கே நாட்டுப்புற மருத்துவர் பற்றாக்குறைதான் காரணம். வட கரோலைனா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் யூஜின் ஸ்டெட் 1965இல் முதல் வகுப்பைத் தொடங்கினார். கடற்படையில் மருத்துவப் பணியாளராக இருந்த நால்வர் அதில் சேர்ந்தனர். 1967 அக்டோபர் 6 அன்று மூவர் தேறி வெளிவந்தனர். போர்க்களத்தில் உயிர் காத்தவர்கள் ஊருக்குத் திரும்பியபின் அந்தத் திறமைக்கு இடமில்லாமல் போவதை ஸ்டெட் வீணென்று கருதினார். அதே மாநிலத்தின் கார்லண்ட் என்ற சிற்றூரில் ஏமஸ் ஜான்சன் என்ற மருத்துவர் தம்மிடம் இருந்த பட்டி டிரெட்வெல் என்ற உதவியாளரைத் தாமே பழக்கி நோயாளிகளைப் பார்க்க வைத்திருந்தார் என்பதும் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் ‘மெடெக்ஸ்’ என்ற பயிற்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு மாணவரையும் ஆள் தேவைப்படும் நாட்டுப்புற மருத்துவர் ஒருவரோடு பயிற்சிக் காலத்திலேயே இணைத்துவிடுவது அதன் சிறப்பு. படித்து முடித்தவர் எந்த ஊருக்குப் போவார் என்ற கேள்வியை முதலிலேயே தீர்த்துவிடும் வழி அது. இன்று தீவுகள் படும் பாட்டைப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

இப்போதைய பயிற்சி முதுநிலைப் பட்டமாகும். சுமார் 27 மாதங்கள் நடைபெறும். அதில் ஏறத்தாழ 2,000 மணி நேரம் மருத்துவமனைகளிலும் நிலையங்களிலும் நேரடிப் பயிற்சி. பின்னர் தேசியத் தேர்வு, மாநில உரிமம். உரிமம் பெற்றபின்னும் இரண்டு ஆண்டுக்கு 100 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை மறுதேர்வும் உண்டு. இதே 1965இல் கொலராடோவில் லோரெட்டா ஃபோர்டு, ஹென்றி சில்வர் ஆகிய இருவரும் தொடங்கிய நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி மற்றொரு கிளை. தீவுகள் ஆள் தேடும்போது பெரும்பாலும் ‘இருவருள் யாராயினும் சரி’ என்றே விளம்பரம் செய்கின்றன.

நம் நாடுகளுக்கும் இந்தக் கருத்து புதிதல்ல. தமிழ்நாட்டில் முதியோர் நினைவில் வைத்திருக்கும் எல்.எம்.பி. டாக்டர்களும், இலங்கையில் அப்போதிக்கரி என்று வழங்கப்பட்டவர்களும் குறுகிய படிப்போடு கிராமங்களைக் காத்தவர்களே. அமெரிக்க முறையிலான பயிற்சி இந்தியாவில் 1992இல் சென்னையில் இதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் முயற்சியால் தொடங்கியது. இங்கு இவர்கள் பெரிய மருத்துவமனைகளிலேயே பணியாற்றுகின்றனர் என்பது ஒரு முக்கிய வேறுபாடு.

தீவில் என்ன வேலை?

பெனப்ஸ்காட் விரிகுடாவில் உள்ள சில தீவுகளை எடுத்துக்கொள்ளலாம். 2020 கணக்கெடுப்பின்படி வைனல்ஹேவனில் சுமார் 1,280 பேர், இஸ்லஸ்பரோவில் சுமார் 580 பேர், நார்த் ஹேவனில் சுமார் 420 பேர் வாழ்கின்றனர். இஸ்லஸ்பரோவிலிருந்து கரை மூன்று மைல். படகில் 20 நிமிடம். வைனல்ஹேவனிலிருந்து ராக்லண்ட் நகருக்கு 75 நிமிடம். நல்ல வானிலையில் இது ஒரு தூரமே அல்ல. காற்று அடிக்கும் ஜனவரி இரவில், கடைசிப் படகு போன பிறகு, நெஞ்சுவலி வந்தவருக்கு அந்த மூன்று மைலும் பெரிய தூரமாகிவிடும்.

ஆகவே, தீவின் மருத்துவர் உதவியாளர் பகலில் குடும்ப மருத்துவர் போலவும் இரவில் அவசரப் பிரிவு போலவும் இருக்க வேண்டும். இரத்த அழுத்தம், நீரிழிவு, தடுப்பூசி, குழந்தைக் காய்ச்சல் ஆகியவை அன்றாட வேலை. சிங்க இறால் பிடிப்பது முக்கியத் தொழிலாகையால் கயிற்றில் சிக்கிய விரல், சீழ் பிடித்த கை, தேய்ந்த தோள்மூட்டு ஆகியவையும் ஓயாமல் வரும். மான்கள் மிகுந்த தீவுகளில் உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் பெருந்தொல்லை. இஸ்லஸ்பரோ மக்கள் மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றியே ஊர்க் கூட்டத்தில் வாதிட வேண்டியிருந்தது. பேறுகாலம் நெருங்கும் பெண்களை உரிய நேரத்தில் கரைக்கு அனுப்பிவைப்பதும் ஒரு பொறுப்பு. சிறு தீவுகளில் மருந்துக்கடை நடத்துமளவு விற்பனை இராது. மருந்து படகிலோ சிறு விமானத்திலோ வரவேண்டும். அதனால் எதைக் கையிருப்பில் வைப்பது என்ற முன்யோசனையும் அவருடையதே.

அவசர வேளையில் அவருக்குத் துணை தீவின் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழு. மீனவர், தச்சர், ஆசிரியர் எனப் பல தொழிலினரும் முதலுதவிப் பயிற்சி பெற்று இதில் இருப்பர். நோயாளியைப் படகில் அனுப்புவதா, ஹெலிகாப்டரை அழைப்பதா, விடியும்வரை இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர் உதவியாளர். 1998இல் தொடங்கிய லைஃப்ஃப்ளைட் ஆஃப் மேய்ன் என்ற ஹெலிகாப்டர் சேவை இதில் பெருமளவு உதவியது. ஆனால் பனிமூட்டத்தில் ஹெலிகாப்டரும் பறக்காது.

சட்டமும் பணமும்

மருத்துவர் இல்லாத நிலையத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? முன்பு அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர், மருத்துவர் நேரில் இல்லாமல் பார்க்கப்பட்ட நோயாளிக்குப் பணம் தராது. 1977 டிசம்பரில் நிறைவேறிய ஊரக மருத்துவ நிலையச் சட்டம் இதை மாற்றியது. மருத்துவர் உதவியாளரோ நர்ஸ் பிராக்டிஷனரோ பார்த்தாலும் பணம் உண்டு என்று ஏற்றது. அதோடு நில்லாமல், இச்சட்டத்தின்கீழ் பதிவுபெறும் நிலையங்களில் இவர்கள் பணியில் இருந்தாக வேண்டும் என்றும் விதித்தது. ஊரக மருத்துவ நிலையங்கள் நிலைபெற இச்சட்டம் பெரிதும் உதவியது.

மாநில விதிகளும் தளர்ந்துள்ளன. மேய்ன் 2020இல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவரின் ‘மேற்பார்வை’ என்ற கட்டுக்குப் பதிலாகக் கலந்தாலோசனையை மையமாக வைத்தது. மருத்துவர் 15 மைல் கடலுக்கு அப்பால் இருக்கும்போது மேற்பார்வை என்பது எப்படியும் தொலைபேசிப் பேச்சாகவே இருந்தது.

மற்றொரு மாற்றம் அதிகம் பேசப்படுவதில்லை. ஓபியாய்டு போதைக்கு அடிமையானவர்களுக்கு பியூப்ரனார்ஃபின் என்ற மருந்து தரப்படுகிறது. 2016 வரை இதை மருத்துவர்கள் மட்டுமே எழுத முடியும். அந்த ஆண்டின் சட்டம் மருத்துவர் உதவியாளருக்கும் வழி திறந்தது. 2023 தொடக்கத்தில் தனி அனுமதி என்ற தேவையும் நீங்கியது. மீன்பிடி ஊர்களை இந்தப் போதை கடுமையாகத் தாக்கியது. தொடர்ந்து கரைக்குப் படகேறிச் சிகிச்சை பெறுபவர் ஒரு நாள் கூலியை இழப்பதோடு, போகும் காரணத்தையும் ஊருக்குச் சொன்னதுபோல் ஆகும். தம் தீவிலேயே அந்த மருந்தை எழுத ஆள் இருப்பது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை இதிலிருந்து உணரலாம்.

சம்பளத்தில் தீவுகள் போட்டியிட இயலாது. 2023இல் அமெரிக்காவில் மருத்துவர் உதவியாளரின் இடைநிலை ஆண்டு வருமானம் சுமார் 1,30,000 டாலர். நகரத்து மருத்துவமனை இதைத் தந்து மாலையில் வீட்டுக்கும் அனுப்பிவிடும். தீவுக்குக் கைகொடுப்பது தேசிய சுகாதாரப் பணிப்படையின் கல்விக்கடன் திட்டம். மருத்துவப் பற்றாக்குறைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில், தகுதி பெற்ற நிலையத்தில் இரண்டு ஆண்டு முழுநேரம் பணியாற்றினால் கல்விக்கடனில் ஒரு பகுதியை அரசு அடைக்கும். இத்திட்டம் இளைஞர்களை வரவழைக்கிறது. அவர்களைத் தங்கவைப்பது வேறு வேலை. கடனுக்காக மட்டும் வந்தவர் இரண்டாம் ஆண்டு முடிந்த மாதமே பெட்டியைக் கட்டுவதில் வியப்பில்லை.

தேடும் முறை

தேடுபவர்கள் பெரும்பாலும் மருத்துவத் துறை சாராத ஊர்மக்களே. நிலையத்தின் ஆட்சிக் குழுவில் படகோட்டியும், ஓய்வுபெற்ற வங்கியாளரும், நூலகரும் இருக்கலாம். உரிமம், முன்னைய பணி, மருத்துவத் திறமை ஆகியவற்றை எடைபோட அவர்கள் கரையிலுள்ள மருத்துவர் ஒருவரின் துணையை நாட வேண்டும். சான்றிதழ்களைச் சரிபார்ப்பது கடினமான பகுதி அல்ல. மாநில வாரியமும் தேசியத் தேர்வமைப்பும் அதற்கு உள்ளன. சான்றிதழில் இல்லாததைக் கண்டறிவதுதான் கடினம்.

முதற்கேள்வி அனுபவம். படிப்பை முடித்த கையோடு வருபவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும், பக்கத்து அறையில் கேட்க ஆளில்லாத இடத்தில் தனியாக விடுவது அவருக்கும் நோயாளிக்கும் நியாயமில்லை. சில ஆண்டு குடும்ப மருத்துவமும் சில ஆண்டு அவசரப் பிரிவும் பார்த்தவரே பொருத்தம். இரண்டும் சேர்ந்தவர் கிடைப்பது அரிது.

அடுத்தது வீடு. வெளியில் இருப்பவர் இதைப் பொருட்படுத்துவதில்லை. தீவில் இதுவே பல தேடல்களை முறித்துவிடும். இத்தீவுகளில் கோடைக்கு மட்டும் வரும் செல்வந்தர் வீடுகள் ஏராளம். அதனால் வீட்டு விலை ஆசிரியரோ செவிலியரோ எட்டக்கூடியதாக இல்லை. குளிர்காலத்தில் வாடகைக்கு வீடு எளிதில் கிடைக்கும். ஜூன் வந்ததும் உரிமையாளர் திரும்புவார். குடியிருப்பவர் மூட்டையைக் கட்ட வேண்டும். ஊரே கோடையில் பல மடங்காகப் பெருகி, நிலையத்தில் வரிசை நீளும் அந்த நேரத்தில்தான் மருத்துவப் பணியாளர் வீடு தேடி அலைய நேரும். எனவே பணியிடத்தோடு ஒரு வீட்டையும் ஊரின் உடைமையாக வைத்திருக்கும் தீவு பாதித் தேடலை முடித்துவிட்டது எனலாம்.

பிறகு குடும்பம். விண்ணப்பித்தவருக்குத் தீவு பிடித்திருந்தாலும் அவருடைய கணவருக்கோ மனைவிக்கோ அங்கே வேலை உண்டா? பிள்ளைகளுக்குப் பள்ளி? நார்த் ஹேவனிலும் இஸ்லஸ்பரோவிலும் மழலை வகுப்பு முதல் 12ஆம் வகுப்புவரை ஒரே பள்ளியில் படிக்கலாம். இஸ்லஸ்பரோ பள்ளிக்குக் கரையிலிருந்தே மாணவர் சிலர் தினமும் படகில் வருகின்றனர். மட்டினிக்கஸ் போன்ற மிகச் சிறிய தீவில் இருப்பது ஓரறைத் தொடக்கப்பள்ளி. ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேர் மட்டும் என்பது சில பிள்ளைகளுக்கு வரம். நண்பர் கூட்டம் தேடும் பதின்பருவத்தினருக்கு அதுவே தண்டனை. நேர்முகத்துக்குக் குடும்பம் முழுவதையும் அழைப்பது இதனால்தான் அறிவுடைமை.

எந்த மாதம் அழைப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. ஜூலையில் வருபவர் நீலக் கடலையும் பாய்மரப் படகுகளையும் பார்த்து உடனே ஒப்புக்கொள்வார். பிப்ரவரியில் மாலை ஐந்து மணியளவில் இருட்டும், கடைகள் பலவும் மூடியிருக்கும், படகு காற்றால் நின்றுவிடும். பிப்ரவரியில் வந்து, இரண்டு நாள் மாட்டிக்கொண்டு, அதன்பிறகும் சரி என்பவரை நம்பலாம். ஆள் வந்தால் போதும் என்ற அவசரத்தில் இருக்கும் குழு தீவின் அழகான முகத்தை மட்டும் காட்டிவிட்டு, அடுத்த ஆண்டே மீண்டும் விளம்பரம் எழுத நேரிடலாம்.

தங்கவைத்தல்

தீவுவாசிகள் நல்லவர்கள், புதியவரின் வாசலில் ரொட்டியும் விறகும் கொண்டுவந்து வைப்பார்கள். அதே மக்கள் கடையில் காய் வாங்கும்போது சட்டையைத் தூக்கித் தடிப்பைக் காட்டுவதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை என்றோ நள்ளிரவு என்றோ பாராமல் கதவைத் தட்டுவர். ஒருவரே ஆண்டு முழுவதும் இரவும் பகலும் அழைப்பில் இருந்தால், எவ்வளவு சேவை மனப்பான்மை உடையவரும் களைத்துப் போவார். மதுக் கோப்பை ஒன்றை ஏந்தவோ, பிள்ளையின் விளையாட்டைப் பார்க்கக் கரைக்குப் போகவோ அவருக்கு உரிமை இல்லாமல் போகிறது. இதற்குச் சரியான மருந்து, ஒருவருக்குப் பதில் இருவரை அமர்த்தி இரவு முறையைப் பங்கிடுவது. ஐந்நூறு பேருக்கு இருவரா என்று வரி செலுத்துவோர் கேட்பது இயல்பு. ஆனால் ஒருவரை அமர்த்தி அடிக்கடி இழப்பதில், விளம்பரம், குடிமாற்றச் செலவு, தற்காலிக ஆளின் கூலி, நோயாளிகளின் நம்பிக்கை எல்லாம் போகின்றன. இந்தக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மறைகாப்பு இன்னொரு சிக்கல். நோயாளியின் செய்தியை வெளியிடுவதை 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டம் தடுக்கிறது. நிலையத்தின் வாசலில் நிற்கும் காரை எந்தச் சட்டமும் மறைக்காது. யாருடைய கார் என்பது ஊருக்கே தெரியும். மருத்துவர் உதவியாளர் ஊரின் எல்லா இரகசியத்தையும் அறிந்து, எதையும் சொல்லாமல், அதே மனிதர்களோடு விருந்தில் அமர வேண்டும். அவர் கவனித்தும் காப்பாற்ற முடியாமல் போனவரின் இறுதிச் சடங்குக்கும் அவரே போவார். அதைத் தாங்க, கரையில் உள்ள சக பணியாளர்களோடு பேசிக்கொள்ள ஒழுங்கான ஏற்பாடும், தீவை விட்டு வெளியே போய்த் தங்க விடுப்பும் வேண்டும். இவற்றை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நல்லது. வாய்ச்சொல்லாக விட்டால் பதிலாள் கிடைக்காத வாரத்தில் அது மறந்துபோகும்.

இடையில் பெயர்ப் பிரச்சினையும் எழுந்துள்ளது. இத்துறையினரின் அமெரிக்கச் சங்கம் 2021இல் தம் பெயரை ஃபிசிஷியன் அசோசியேட் என மாற்றத் தீர்மானித்தது. ‘அசிஸ்டன்ட்’ என்பது பணியின் அளவைக் குறைத்துக் காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். பிரிட்டனிலோ 2025இல் அரசு அமைத்த ஆய்வு, நோயாளிகள் குழம்புகிறார்கள் என்று கூறி, அசோசியேட் என்பதை அசிஸ்டன்ட் என மாற்றச் சொன்னது.

ஆள் இல்லாத காலம்

தேடல் பல மாதங்கள் நீளக்கூடும். அதுவரை தற்காலிகப் பணியாளர் சில வாரங்களுக்கு முறைவைத்து வருவார். செலவு அதிகம், நோயாளியின் பழங்கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். காணொளி வழி மருத்துவம் நாட்பட்ட நோய்களுக்கும் மனநலத்துக்கும் நன்கு பயன்படுகிறது. கிழிந்த கையைத் திரையில் தைக்க முடியாது.

தனி நிலையம் நடத்த இயலாத அளவு சிறிய தீவுகள் வேறு வழியில் சமாளிக்கின்றன. சுமார் 50 பேர் வாழும் மட்டினிக்கஸ் கரையிலிருந்து 20 மைலுக்கு மேல் உள்ளது. அரசுப் படகு குளிர்காலத்தில் மாதம் ஒருமுறைதான் போகும். மட்டினிக்கஸ், மான்ஹேகன், ஐல் ஓ ஹோ, ஃபிரெஞ்ச்பரோ ஆகிய தீவுகளுக்கு 1905இல் தொடங்கப்பட்ட மேய்ன் சீகோஸ்ட் மிஷன் என்ற தொண்டு அமைப்பின் ‘சன்பீம்’ கப்பல் செல்கிறது. அதில் ஒரு செவிலியரும், கரையில் உள்ள மருத்துவரோடு நோயாளியை இணைக்கும் காணொளிக் கருவியும் உண்டு. கப்பல் துறையில் நிற்கும் நாளில் தீவினர் வந்து இரத்த அழுத்தம் பார்த்து, தடுப்பூசி போட்டு, அப்படியே சமையலறை மேசையில் அமர்ந்து காபி குடித்துவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் சந்திக்கும் இடமும் பல சமயம் அந்தக் கப்பல்தான்.